சோழி, ஓலை, ஒப்பந்தம்: பாண்டிக்கு வந்தவர்கள் ஏன் தங்கினார்கள்?

சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டு நிபுணர்கள் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனி இருக்கிறது, பெரிய சம்பளம் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன ஊர் அவர்களை எப்படி வரவழைக்கும்? வந்தவர்களை எப்படித் தக்க வைக்கும்? ஹெச்ஆர் பாஷையில் முதலாவதுக்கு 'டேலன்ட் அட்ராக்ஷன்', இரண்டாவதுக்கு 'ரிடென்ஷன்' என்று பெயர். இதற்கென்றே ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டுக் காட்டுவார்கள். வரிச்சலுகை, ஐடி பார்க், இன்டர்நேஷனல் ஸ்கூல், பீச், கஃபே. பட்டியல் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பாண்டிச்சேரியிடம் இந்தப் பட்டியலில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. கடற்கரை இருக்கிறது, கஃபே வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் இந்த ஊர் சுமார் 250 வருஷமாக உலகத்தின் பல மூலைகளிலிருந்து நிபுணர்களை இழுத்து வந்திருக்கிறது. அவர்கள் யாரும் காபிக்காக வரவில்லை. வானியலாளர், கல்வெட்டு ஆய்வாளர், கட்டடக் கலைஞர், தாவரவியலாளர், சம்ஸ்கிருத அறிஞர், தமிழ் ஆய்வாளர் என்று ஒரு நீண்ட வரிசை. சிலர் வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். சிலர் பத்து, இருபது வருஷம் இருந்தார்கள். யார் போனார்கள், யார் தங்கினார்கள், ஏன் என்று தேடிப் பார்த்தால் அந்த ஸ்லைடுகளில் இல்லாத ஒரு பதில் கிடைக்கிறது. அதை எழுதுவதுதான் இந்தக் கட்டுரை.

மேகம் மறைத்த வானியலாளர்

முதலில் லெ ஜான்தீ. பிரெஞ்சு அறிவியல் அகாதெமியைச் சேர்ந்த வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து போகும் அபூர்வ நிகழ்வு 1761 ஜூன் 6இல் நடக்க இருந்தது. அதைப் பல இடங்களிலிருந்து அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். அந்தக் காலத்தின் மிகப் பெரிய சர்வதேச அறிவியல் பிராஜெக்ட் என்றே சொல்லலாம். அவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர் பாண்டிச்சேரி. 1760இல் பிரான்ஸிலிருந்து புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள், 1761 ஜனவரியில், ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. அன்றைக்கு அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து துல்லியமாக எதை அளக்க முடியும்?

அடுத்த நிகழ்வு 8 வருஷம் கழித்து. மனுஷன் வீட்டுக்குப் போகவில்லை. இந்தியப் பெருங்கடல் தீவுகளில் சுற்றினார், மணிலா வரைக்கும் போனார், கடைசியில் 1768இல் பாண்டிச்சேரி வந்தார். ஊர் அதற்குள் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்திருந்தது. இடிந்து கிடந்த கோட்டைக்குள் கவர்னர் அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் அமைத்துக் கொடுத்தார். எதிரிகளான சென்னை ஆங்கிலேயர்களே நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தார்கள். 1769 ஜூன் 4 விடியற்காலை. அதற்கு முந்தைய நாட்களில் வானம் தெளிவாக இருந்தது. அன்றைக்கு மட்டும் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடித்த பிறகு வெயில் வந்தது.

இந்த சோகக் கதை இணையத்தில் எல்லோருக்கும் தெரியும். 1771இல் அவர் பிரான்ஸ் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, அகாதெமியில் அவருடைய இடத்தைக்கூட வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் இன்னொரு பக்கம். பாண்டிச்சேரியில் இருந்த காலத்தில் அவர் உள்ளூர் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டார். தமிழர்கள் சோழிகளை நகர்த்தியே கிரகணம் கணிப்பதைப் பார்த்து அசந்துபோனார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நடந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை உள்ளூர் முறைப்படி கணக்கிட்டால் 41 விநாடி குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கணக்கிட்டால் 68 விநாடி அதிகமாக வந்தது. லெ ஜான்தீ இதை மறைக்காமல் எழுதினார்.

அவரை இந்த ஊருக்கு வரவழைத்தது வெள்ளிக் கோள். ஆனால் இங்கிருந்து அவர் எடுத்துப்போன உருப்படியான விஷயம் உள்ளூர்க் கணக்கர்களிடம் கிடைத்தது.

அரை நூற்றாண்டு கழித்து இதே கதை இன்னொரு தடவை நடக்கிறது. ஜான் வாரன் என்று ஒருவர். பிரெஞ்சுப் பின்னணி கொண்டவர். ஆனால் ஆங்கிலேயர்களிடம் வேலை பார்த்தார். நில அளவைத் துறையில் இருந்தார். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பைப் பார்த்தார். பிற்காலத்தில் பாண்டிச்சேரியில் குடியேறி, 1830இல் இங்கேயே இறந்தார். தென்னிந்தியக் காலக்கணக்கு முறைகளைப் பற்றி அவர் எழுதிய 'காலசங்கலித' 1825இல் சென்னையில் அச்சானது. பாண்டிச்சேரியைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கக்காரர் அவர் கண்ணெதிரே தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த அசைச் சொற்களைச் சொல்லிச் சொல்லி, 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தாளில் ஒரு எண்கூட எழுதவில்லை. தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். நடுநேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

என் தொழில் புத்தி இங்கே உடனே விழித்துக்கொள்கிறது. சோழிதான் ரெஜிஸ்டர். மனப்பாட வாக்கியங்கள்தான் லுக்-அப் டேபிள். நாம் இன்றும் பார்க்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வேர் இதுதான். வாரன் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபாவர் 1952இல் இதை எடுத்து வைத்து, பழைய பாபிலோனியக் கணக்கு முறைகளோடு ஒப்பிட்டு, 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுத முடிந்தது.

ஆனால் லெ ஜான்தீக்கும் சரி, வாரனுக்கும் சரி, கற்றுக்கொடுத்தவர்களுக்கென்று ஒரு வேலையிடம் இந்த ஊரில் உருவாகவில்லை. வந்தவர் போனதும் அந்த உரையாடல் அறுந்துபோனது. அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாத்தியார் வேலைக்கு வந்தவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழுவோ துப்ரே வந்தார். பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு காலனிக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. சம்பளம் நிச்சயம், விடுமுறை நிச்சயம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் கோயில் கோயிலாகப் போனார். சிற்பம் செதுக்கும் ஸ்தபதிகளிடம் உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் கேட்டார். போதிகை எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று வரிசைப்படுத்தினார். தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய பெரிய நூல் 1914இல் வந்தது. பல்லவர் வரலாற்றில் அவர் பெயரைத் தாண்டி யாரும் போக முடியாது. காஞ்சி கைலாசநாதர் கோயில் ஓவியங்களைக் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைப் பார்த்து, அது ரோமானியர்களோடு வணிகம் செய்த இடம் என்று முதலில் உணர்ந்தவர்களில் அவரும் ஒருவர். மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழாய்வு செய்வதற்கு முன்னாலேயே நடந்த கதை இது.

லெ ஜான்தீக்கும் இவருக்கும் வித்தியாசம் என்ன? இவருக்கு நிலையான ஒரு வேலை இருந்தது. ஆராய்ச்சிக்கென்று யாரும் அவரை அழைக்கவில்லை. ஒரு சாதாரண வாத்தியார் பதவி. அதுவே அவரைப் பல்லாண்டு இங்கே இருக்க வைத்தது. அந்தக் காலத்தில் ஆராய்ச்சி தானாக நடந்தது. சின்ன ஊர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. 'உலகத்தரம்' என்று போர்டு மாட்ட வேண்டாம், ஒருவர் பத்து வருஷம் நிம்மதியாக இருக்க ஒரு வேலை இருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இதே ஊரில் உண்டு: அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த கட்டடக் கலைஞர் ஆன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள 1937இல் வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். கூடவே செக் நாட்டைச் சேர்ந்த பிரான்டிசேக் சம்மர்; அவர் அதற்கு முன் லெ கொர்புசியேயிடம் வேலை பார்த்தவர். பூச்சு வேலை இல்லாத கான்கிரீட், காற்றுக்குத் தகுந்தபடி திறக்கிற சட்டப் பலகைகள் என்று இந்தியாவின் ஆரம்பகால நவீனக் கட்டடங்களில் ஒன்று, இவ்வளவு சின்ன ஊரில் எழுந்தது. நகாஷிமா சம்பளத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஆசிரமவாசியாகவே ஆனார். ஆனாலும் 1939இல் கிளம்பிப் போனார். பிற்காலத்தில் அமெரிக்காவில் மரச்சாமான் வடிவமைப்பில் பெரும் பெயர் பெற்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பிராஜெக்ட்டுக்கு வந்த டீம் பிராஜெக்ட்டோடு கலைவது இயல்பு. கட்டடம் நின்றது, அதைக் கட்டியவர்களின் தொழில் இந்த ஊரில் ஒரு பள்ளியாக வளரவில்லை.

கொடி இறங்கிய பிறகு வந்தவர்கள்

இப்போது கதையின் மையத்துக்கு வருவோம். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. அதே ஆண்டு தியென் பியென் பூவில் தோற்று, இந்தோசீனாவையும் பிரான்ஸ் இழந்துகொண்டிருந்தது. ஒரு பேரரசு மூட்டை கட்டுகிற நேரம். பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை மறந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நியாயமாக அதுதான் நடந்திருக்கும்.

நடந்தது வேறு. 1955 மார்ச்சில், கொடி இறங்கி ஐந்தாவது மாதத்தில், செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் அதே காலத்தில் துமா வீதியில் ஒரு மையம் வைத்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம், பிரெஞ்சுப் பண்பாட்டு, கல்வி, அறிவியல் நிறுவனங்கள் இங்கே தொடர்வதற்கு இடம் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. பாண்டிச்சேரி பிரெஞ்சுப் பண்பாட்டுக்குத் திறந்த ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்பது நேருவின் எண்ணம். பிரெஞ்சு அதிகாரம் இருந்த காலத்தில் இந்த ஊரில் இல்லாத ஒரு ஆய்வு நிறுவனம், அதிகாரம் போன பிறகு வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நிறுவியவர் ழான் ஃபிலியோசா. அடிப்படையில் கண் டாக்டர். சம்ஸ்கிருதம், பாலி, திபெத்தியம், தமிழ் எல்லாம் கற்றவர். நிறுவனத்தின் முதல் வெளியீடு எது தெரியுமா? காரைக்கால் அம்மையார் பாடல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. 1956இல் வந்தது. மொழிபெயர்த்தவர் காரவேலன், ஊர்க்காரத் தமிழர், முன்னுரை ஃபிலியோசா. காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிதானே. பாரிஸிலிருந்து வந்த ஒரு நிறுவனம் தன் கணக்கை உள்ளூர்க்காரரின் கையால் தொடங்கியது.

ஃபிலியோசா செய்த முக்கியமான காரியம், பண்டிதர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியது. என். ஆர். பட் கர்நாடகத்திலிருந்து வந்தார். கோயில்களிலும் மடங்களிலும் குருக்கள் வீட்டுப் பரண்களிலும் கிடந்த சைவ ஆகம ஓலைகள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கப்பட்டன. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் இருந்தன. கொடுக்க விரும்பாதவர்களிடம் படியெடுத்துக்கொண்டார்கள். ரௌரவாகமத்தின் முதல் தொகுதியை 1961இல் பட் பதிப்பித்தார். ஓலை இருநூறு, முந்நூறு வருஷத்தில் உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் சேகரித்திருக்காவிட்டால் இன்றைக்கு அவற்றில் பலவற்றின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. இரண்டு நிறுவனங்களிலும் சேர்ந்து சுமார் 11,000 பிரதிகள். 2005இல் யுனெஸ்கோ இவற்றை 'உலக நினைவகம்' பதிவேட்டில் சேர்த்தது.

ஓலை மட்டும் இல்லை. தென்னிந்தியத் தாவர வரைபடங்கள் இங்கே தயாராகின. உலர்தாவரத் தொகுப்பில் 20,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. மகரந்தத் துகள்களைப் பற்றிய ஆய்வுக்கூடம் ஒன்று உருவானது. அதற்குத் தலைமை வகித்தவர் தணிகைமணி என்ற தமிழர். மகரந்தவியலில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். 1986 செப்டம்பர் 5இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். உயிரோடு திரும்பவில்லை.

தமிழ்ப் பக்கத்தில் தி. வே. கோபாலையர் இருந்தார். இலக்கணக் கடல். ஃபிரான்சுவா க்ரோ பரிபாடலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1968இல் வெளியிட்டவர்; அவரும் கோபாலையரும் சேர்ந்து தேவாரப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள், முதல் தொகுதி 1984இல் வந்தது. பிற்காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஏவா வில்டன் சங்க இலக்கியச் செம்பதிப்புக்காக வந்தார். நற்றிணைப் பதிப்பு 2008இல் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த டொமினிக் குடால் சைவ நூல்களுக்காக வந்தார். பல ஆண்டு துமா வீதி மையத்துக்குத் தலைவராக இருந்தார். பிரெஞ்சு ஊர் என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள் என்று இதைச் சுருக்கிவிட முடியாது என்பதற்காக இந்த இரண்டு பெயர்களையும் சொல்கிறேன்.

இவர்கள் ஏன் தங்கினார்கள்? விமான வசதிக்காக இல்லை. பெரிய சம்பளத்துக்காகவும் இல்லை. ஒரு செய்யுளில் தடுமாறினால் அடுத்த அறைக்குப் போய்க் கேட்க ஒரு கோபாலையர் இருந்தார். ஒரு கிரந்த எழுத்து புரியாவிட்டால் அதைச் சரளமாக வாசிக்கும் பண்டிதர் மேஜைக்கு எதிரில் இருந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் பணம் இதை வாங்க முடியாது. வெளிநாட்டு ஆய்வாளர் வருவார், சில ஆண்டு இருப்பார், மாற்றலாகிப் போவார். பண்டிதர் முப்பது வருஷம் அங்கேயே இருப்பார். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. லெ ஜான்தீ காலத்தில் அறுந்த நூல் இங்கே அறுபடாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். தங்கினவர் யார் என்று கேட்டால், முதலில் உள்ளூர் நிபுணர். அவர் தங்கியதால்தான் மற்றவர்கள் தங்கினார்கள்.

பள்ளிக்கூடம் என்று ஒன்று உண்டே, அதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு வருகிறவருக்குப் பிள்ளைகள் படிப்புதான் முதல் கவலை. பாண்டியில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இருக்கிறது. அது இன்றும் உயிரோடு இருப்பதற்கு வந்துபோகும் ஆய்வாளர்கள் மட்டும் காரணம் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் பாண்டித் தமிழ்க் குடும்பங்களும் காரணம். 1962இல் விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது சுமார் 5,000 பேர் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை, அவர்கள் வீட்டுக்காரர்களை, ஊரில் இன்றும் 'சொல்தா' என்பார்கள். ஆக, வெளிநாட்டு ஆய்வாளரின் பிள்ளைக்குக் கிடைக்கிற பள்ளியைத் தாங்கி நிற்பதிலும் உள்ளூர்க்காரர்களுக்குப் பங்கு உண்டு.

சலுகைக்கு வந்தவர்கள்

இதே ஊர் இன்னொரு வழியையும் முயன்று பார்த்திருக்கிறது. என் துறையோடு சம்பந்தப்பட்டது. 1990களிலும் 2000களிலும் பாண்டிச்சேரி இந்தியாவின் கம்ப்யூட்டர் தயாரிப்பு மையங்களில் ஒன்றாக இருந்தது. எச்சிஎல், ஏசர், லெனோவோ என்று தெரிந்த பெயர்கள் இங்கே ஆலை வைத்திருந்தன. சேதராப்பட்டுப் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். காரணம் முக்கியமாக விற்பனை வரிச் சலுகை.

2003இல் மத்திய அரசு உத்தராகண்டுக்கும் இமாச்சலத்துக்கும் கலால் வரி, வருமான வரிச் சலுகைகளை அறிவித்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. இதில் கம்பெனிகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சலுகைக்கு வந்தவர் பெரிய சலுகை கிடைக்கிற இடத்துக்குப் போவார். சலுகையை எந்த மாநிலமும் ஒரே அரசாணையில் நகல் எடுத்துவிடலாம். ஆகம ஓலைக் கட்டையும் அதை வாசிக்கத் தெரிந்த ஆளையும் அப்படி நகல் எடுக்க முடியாது. எழுபது வருஷமாகியும் செயின்ட் லூயி வீதிக் கட்டடம் அதே இடத்தில் இருக்கிறது.

போனவர்களின் கணக்கு

இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. வெளிநாட்டு நிபுணரை வரவேற்ற இதே ஊர், தன் பிள்ளைகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. 1881இல் ஒரு ஆணை வந்தது. தங்கள் சொந்தச் சட்ட வழக்கத்தை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு பிரெஞ்சுக்காரர்களுக்கு இணையான அந்தஸ்து என்றது. அப்படி ஏற்றவர்களில் பலர் சைகோனுக்குப் போய் வரி வசூல், காவல், அலுவலக வேலை பார்த்தார்கள். பாண்டி, காரைக்கால் வீடுகளில் சைகோன் கதை இல்லாத வீடு குறைவு. இந்தோசீனா கைவிட்டுப் போனதும் சிலர் பிரான்ஸ் போனார்கள்.

இன்றைய சைகோன், சென்னையும் பெங்களூரும். என்னோடு பி.இ. படித்தவர்களில் ஊரில் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈசிஆர் பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் லேப்டாப் பையோடு ஊருக்கு வருகிறவர்கள். ஞாயிறு ராத்திரி அதே கூட்டம் திரும்பிப் போகும். வெளிநாட்டுக்காரர் விரும்பித் தங்கும் ஊரில் ஊர்க்காரருக்கு ஏன் வேலை இல்லை என்று கேட்டால், பதில் மேலே சொன்னதில்தான் இருக்கிறது. ஆகமத்துக்கும் தாவரவியலுக்கும் இந்த ஊர் ஒரு நிலையான நாற்காலியைப் போட்டு வைத்தது. மற்றத் தொழில்களுக்குச் சலுகையை மட்டும் கொடுத்தது.

ஓலை ஸ்கேன் ஆன பிறகு

என்னை உண்மையில் உறுத்துவது இனிமேல் வருவதுதான். ஓலைகளைப் படம் எடுக்கிறார்கள். எடுத்தவை இணையத்துக்கு வருகின்றன. பிரெஞ்சு நிறுவனத்தில் தேவநாகரியில் படியெடுத்த ஆகமப் பிரதிகள் பலவற்றை இன்று யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தேவாரத்துக்கு வி. மு. சுப்பிரமணிய ஐயர் அந்த நிறுவனத்துக்காகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, 2007இல் 'டிஜிட்டல் தேவாரம்' என்று வெளிவந்தது. என்னைப் போல பகலில் கோடு எழுதி, ராத்திரியில் பழைய நூல் தேடுகிறவனுக்கு இது வரப்பிரசாதம். இதை நான் முழு மனசோடு வரவேற்கிறேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். ஓலையைப் பார்ப்பதற்காக ஹாம்பர்க்கிலிருந்தோ டோக்கியோவிலிருந்தோ ஒருவர் பாண்டிக்கு வர வேண்டிய தேவை குறைந்துகொண்டே போகிறது. ஓலை என்கிற ஈர்ப்பை நாமே எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டோம். கொடுக்க வேண்டியதுதான். மிச்சம் இருக்கும் ஒரே ஈர்ப்பு, அதை வாசிக்கத் தெரிந்த மனிதர்கள். அந்த வரிசை நீளவில்லை. தி. வே. கோபாலையர் 2007இல் மறைந்தார். என். ஆர். பட் 2009இல் மறைந்தார். பாடசாலையில் எட்டு வயதில் சேர்ந்து இருபது வருஷம் ஊறிய அந்தத் தலைமுறைக்கு இணையான ஒன்றை மூன்று மாத ஒர்க்ஷாப் உருவாக்காது. ஸ்கேனர் படம் எடுக்கும். சிதைந்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெரிய பட்டத்தோடுதான் வர வேண்டும் என்றும் இல்லை. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்தவர் பாகூர் சு. குப்புசாமி, ஊர்க்காரர். ஊர் ஊராகத் தேடி அவர் சேர்த்ததை, கல்வெட்டறிஞர் கோ. விஜயவேணுகோபால் பதிப்பிக்க, இரண்டு பிரெஞ்சு நிறுவனங்களின் வழியாக 2006இல் முதல் பாகம் நூலாக வந்தது. இன்று உலகின் எந்த ஆய்வாளர் இந்தப் பகுதி வரலாற்றை எழுதினாலும் அந்தத் தொகுப்பைத் திறந்தாக வேண்டும். உள்ளூர் ஆர்வமும் நிலையான நிறுவனமும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே பாகூருக்கு இன்னொரு பழைய பெருமையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ அரசன் காலத்தில், அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. இன்றைய பாஷையில் கல்லூரி. அங்கே இருந்த அறிஞர்களின் பராமரிப்புக்காக மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அறிஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பவில்லை, ஐந்து வருஷச் சலுகை கொடுக்கவில்லை. ஆண்டுதோறும் வருமானம் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் செம்பில்.

1956 ஒப்பந்தமும் ஒரு வகையில் அப்படிப்பட்ட செப்பேடுதான். டெல்லியிலும் பாரிஸிலும் புதுச்சேரியிலும் ஆட்சிகள் எத்தனையோ மாறின. நாற்காலி அசையவில்லை. புதுச்சேரி அரசோ, பல்கலைக்கழகமோ, வசதி உள்ள தனியார் யாரோ அடுத்த ஐடி பார்க் பட்ஜெட்டில் ஒரு சின்னத் துளியை எடுத்து, கிரந்தமும் பழைய தமிழும் கல்வெட்டும் வாசிக்கும் பத்து இளைஞர்களுக்கு இருபது வருஷச் சம்பளத்தை உறுதி செய்தால் போதும். அந்தப் பத்துப் பேரும் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள உலகம் வழக்கம்போல வரும். வருகிறவர்களுக்குக் காபி எங்கே நன்றாக இருக்கும் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.